சிவப்பை உற்றுப் பார்க்கக் கூடாது

0.6

இந்தக் கதை ஒரு மதியத் தூக்கத்தில் பிறந்தது. இதை நானே சொல்லிவிடுவது நல்லது. பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் அசிங்கம்.

ஜப்பானில், கிஃபு மலைகளுக்கு நடுவே உள்ள ஒரு சின்ன ஊரில் இருபத்திரண்டு வருடமாகக் குடியிருக்கிறேன். கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. ஊர்ச் சமுதாயக் கூடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு கோளரங்கம் உண்டு. அறுபது இருக்கைகள், எல்லாமே நன்றாகச் சாயும். சனிக்கிழமை இரண்டு மணிக் காட்சிக்கு நான் தவறாமல் போவது வானம் பார்க்க அல்ல, தூங்க. விளக்கை அணைத்துவிட்டு, கானோ மிசாவோ என்கிற பெண்மணி ஒலிவாங்கியில் பேச ஆரம்பித்தால் மூன்றாவது நிமிடம் என் கண் செருகிவிடும். சோறு வடிப்பது போல நிதானமான குரல்.

சென்னையிலிருந்து ஒரு பத்திரிகை ஆசிரியர் தொலைபேசினார். "சார், ஜப்பான் பத்தி ஒரு கதை குடுங்க. கொஞ்சம் செர்ரிப்பூ வரட்டும்" என்றார். சரி என்றேன். இந்தக் கதையில் செர்ரிப்பூ வராது.

மேலே இருக்கும் 0.6 என்ன என்று கேட்பீர்கள். பகுதி எண்தான். ஒன்று, இரண்டு என்று போடாமல் மிசாவோவின் நோட்டில் அந்தந்த வாரம் எழுதியிருந்த எண்ணைப் போடுகிறேன். ஒரு நட்சத்திரத்தின் பிரகாசம் அது. இந்தத் தொழிலில் எண் கூடக் கூட ஒளி குறையும். பள்ளிக்கூட ராங்க் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றாம் ராங்க் உசத்தி, ஆறாம் ராங்க் கண்ணுக்கே தெரியாது. 0.6 என்பது 2019 அக்டோபர். அப்போது கதை எதுவும் நடக்கவில்லை. நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

0.9

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"கரும்பட்டில் வைரம் இறைத்தது போல வானம் —" [வேண்டாம். இதை எழுதியவன் வானத்தையும் பார்த்ததில்லை, பட்டுக்கடைப் பக்கமும் போனதில்லை.]

"எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் கடற்போரில் தோற்ற ஹெய்கே குலத்தார், தங்கள் செங்கொடியைச் சுருட்டிக்கொண்டு மலையேறிய அன்று —" [இதற்குக் குதிரைகள் வேண்டும். எனக்குக் குதிரை எழுத வராது.]

"கானோ மிசாவோவுக்கு வயது ஐம்பத்தெட்டு. பள்ளிக்கூடங்களுக்கு மதியச் சாப்பாடு சமைக்கும் கூடத்தில் வேலை. முப்பத்தோரு வருடமாக வெறும் கண்ணால் நட்சத்திர வெளிச்சத்தை எடை போடுகிறவள்." இது பரவாயில்லை. இதிலேயே போவோம். அவள் என்றுதான் எழுத வருகிறது. நேரில் பார்த்தால் உங்கள் வாயில் 'அவர்' தானாக வரும்.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை அவள் குரல் பாதியில் நின்றது. ஓடும் பேருந்து நின்றால் முழிப்பு வருமே, அப்படி விழித்துக்கொண்டேன். தலைக்கு மேல் உடுக்கை நின்றது. புத்தகங்களில் ஓரியன், வேட்டைக்காரன் என்றெல்லாம் போட்டிருக்கும். இந்த ஊர்க்காரர்களுக்கு அது இடை சிறுத்த கைப்பறை. அந்தப் பறையை முதலில் பார்த்தபோது 'அட, நம்ம உடுக்கை' என்றேன். அதிலிருந்து எனக்கு அது உடுக்கைதான். மேல் இடது முனையில் ஒரு சிவப்பு நட்சத்திரம், கீழ் வலது முனையில் ஒரு வெள்ளை. அந்தச் சிவப்புதான் நமது திருவாதிரை. நான் பிறந்த நட்சத்திரமும் அதுவே. அம்மா கோவிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டிச் சொல்லுகிற பெயர்.

"மன்னிக்க வேண்டும், எழுத்து சரியாகத் தெரியவில்லை" என்று ஒலிவாங்கியில் சொன்னாள் மிசாவோ. ஒரு வாக்கியத்தைத் தாண்டிக் குதித்து மேலே போனாள்.

காட்சி முடிந்ததும் கருவிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"என்னாச்சு கானோ-சான்? பாதியில நின்னுட்டீங்க?"

"அராகிரி-சான் முழிச்சிருந்தீங்களா? அப்ப இன்னைக்கு மழை நிச்சயம்."*

(* என் பெயர் அழகிரி; 'சான்' மரியாதை ஒட்டு. இவர்கள் வாயில் 'ழ' ஏறாது. முன்னால் ஒரு 'ஹ' சேர்ந்து 'ஹராகிரி' ஆனால் வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாக வேண்டியதுதான் என்று தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக ஒரே நகைச்சுவை.)

அவள் ஒரு தாளை நீட்டினாள். பிப்ரவரியில் ஊராட்சி அலுவலகம் 'ஹெய்கே நட்சத்திர விழா' நடத்தப்போகிறது. அதற்கு அலுவலகத்தார் எழுதிக் கொடுத்த உரை; பழகிக்கொள்ள அன்றே வாசித்துப் பார்த்திருக்கிறாள். நடுவில் ஒரு வாக்கியத்தின் கீழே சமையல்கூடத்துப் பென்சிலால் கோடு.

'உடுக்கையிலேயே மிகப் பிரகாசமானது இந்தச் செந்நிற ஹெய்கே நட்சத்திரம். எந்நாளும் மங்காத இதுவே நம் உராதானி முன்னோர்களின் கொடி.'

"இதுல என்ன தப்பு?" என்றேன். எனக்கு உண்மையாகவே பிடித்திருந்தது. என் ஜென்ம நட்சத்திரத்தைப் புகழ்ந்தால் எனக்குக் கசக்குமா?

"ஒரே வாக்கியத்துல மூணு பொய். மூணையும் ஒரே மூச்சுல சொல்ல என் நுரையீரல் பத்தாது."

முதல் பொய்: உடுக்கையில் மிகப் பிரகாசமானது சிவப்பு அல்ல, வெள்ளை. நானூறு வருடத்துக்கு முன் வானத்துக்குப் பெயர்ப்பட்டியல் போட்ட ஒருவர் கிரேக்க அகரவரிசையில் சிவப்புக்கு முதல் எழுத்தும் வெள்ளைக்கு இரண்டாம் எழுத்தும் கொடுத்துவிட்டார். அதைப் பார்த்தே எல்லோரும் சிவப்பை முதல் என்கிறார்கள். இரண்டாம் பொய்: மங்காதது. அது ஏறி இறங்கும் நட்சத்திரம், ஊதிப்போன கிழம். இந்த வருடம் அவள் பார்த்தேயிராத அளவுக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது.

"மூணாவது?"

"மூணாவது, அது எங்க நட்சத்திரமே இல்ல. உராதானியில ஹெய்கே நட்சத்திரம்னா வெள்ளை."

உராதானி மலை இடுக்கில் ஏழு வீடுகள் உள்ள குடியிருப்பு. மிசாவோவின் ஊர். தோற்ற குலத்தின் வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள், அதாவது சொல்லிக்கொள்ளாதவர்கள். இன்றைக்கும் அங்கே சேவல் வளர்க்க மாட்டார்கள், கூவி இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று. மே மாதம் ஊரெங்கும் ஆண்பிள்ளைகளுக்காகத் துணிமீன் கட்டிப் பறக்கவிடுவார்கள். உராதானியில் ஒரு வீட்டிலும் பறக்காது.

தோற்றவர் கொடி சிவப்பு, ஜெயித்த கென்ஜி குலத்தின் கொடி வெள்ளை. அப்படியானால் சிவப்பு நட்சத்திரம்தானே ஹெய்கே? புத்தகம் எல்லாம் அப்படித்தானே சொல்கிறது? கேட்டேன்.

"புத்தகத்துக்குச் சொன்னது யாரு?" என்றாள் மிசாவோ.

1.1

ஷோவா இருபத்தைந்தாம் வருடம், அதாவது 1950-இல், நகரத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உராதானிக்கு ஏறினாராம். நாட்டுப்புற நட்சத்திரப் பெயர்களைத் திரட்டுகிறவர். இருட்டிய நேரத்தில், களத்தில் முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தவர்களிடம் "உங்க ஹெய்கே நட்சத்திரம் எது?" என்று கேட்டார். ஏழு வீட்டாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒரே சமயத்தில் சிவப்பைக் காட்டினார்கள்.

"ஏன்?" என்றேன்.

"வெளியாள் வந்து 'ஹெய்கே எங்க இருக்காங்க'ன்னு கேட்டா வேற என்ன காட்டுவாங்க? எண்ணூறு வருஷப் பழக்கம். போர் முடிஞ்சிருச்சுன்னு எங்களுக்கு யாரும் வந்து சொல்லல."

அதாவது முதலில் ஒரு பொய் இருந்தது: தேடி வருகிறவன் சிவப்பைத்தான் தேடுவான் என்று தங்கள் நட்சத்திரத்தை வெள்ளை என்று வைத்துக்கொண்டார்கள். காலப்போக்கில் அது அவர்களுக்கே உண்மையாகிவிட்டது. பிறகு அந்த உண்மையையும் மறைக்கச் சிவப்பைக் காட்டினார்கள். அது அச்சேறி, பாடமாகி, அவர்கள் பிள்ளைகளிடமே திரும்பி வந்தது. மிசாவோவின் தங்கை வீட்டில் இன்றைக்குச் சிவப்புதான் ஹெய்கே. தோற்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. ஜெயித்தவனுக்கு இவ்வளவு வேலை இல்லை.

[இங்கே ஒரு சந்தேகம் வருகிறது. இந்த மிசாவோ ரொம்ப நேர்மையானவளாக இருக்கிறாள். இப்படிப்பட்ட ஆளைக் கதையில் வைத்தால் வாசகர் கொட்டாவி விடுவார். ஒரு குறை வேண்டும்.]

குறை இருக்கிறது, நான் தேடவே வேண்டாம். சொந்தத் தங்கையோடு பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை. காரணம், ஊறுகாய்ச் சாடியின் மேல் பாரம் வைக்கிற ஒரு கல். அம்மாவின் கல். தங்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மலை முழுக்கக் கல்லாகக் கிடக்கும் ஊரில் இரண்டு பெண்கள் ஒரு கல்லுக்காகப் பதினோரு வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். போதுமா?

இனி அவள் வேலை செய்கிற விதம். அக்டோபரில் விடிகாலை, அடுப்பு பற்றவைக்கப் போகும் முன். டிசம்பர், ஜனவரியில் வேலை முடிந்து, சாயங்காலம். சமையல்கூடத்தின் பின்புறம் வண்டி நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு, சிவப்பைப் பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிடுவாள். இதைவிடக் கூட, அதைவிடக் குறைச்சல், இரண்டுக்கும் நடுவே பத்தில் எத்தனை பங்கு. ரோகிணி ஒரு படி, அதைவிட மங்கிய இன்னொரு நட்சத்திரம் அடுத்த படி. கருவி கிடையாது.

இரண்டு விதிகள். நேற்று எழுதிய எண்ணைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கண் நேற்றையதையே பார்க்கும். அதனால் நோட்டின் மேல் ஒரு அட்டையை வைத்து மூடிக்கொண்டுதான் எழுதுவாள்.

இரண்டாவது, சிவப்பை உற்றுப் பார்க்கக் கூடாது.

"உத்துப் பாத்தா வீங்கிரும்" என்றாள். "மத்ததெல்லாம் அப்படி இல்ல. சிவப்பை மட்டும் பாக்கப் பாக்க வெளிச்சம் கூடுற மாதிரி தெரியும். ஒரு வெட்டுப் பார்வைதான். பாரு, திரும்பு, எழுது. அவ்வளவுதான்."

நானும் பார்த்தேன். ஆதிரையாயிற்றே, நன்றாகத்தான் தெரிகிறது என்றேன்.

"நீங்க அஞ்சு நிமிஷமா வாயைப் பொளந்துக்கிட்டுப் பாக்குறீங்க" என்றாள்.

1.3

டிசம்பர் இறுதியில் கோளரங்கத்துச் சிவப்பு மங்கிவிட்டது. குழந்தைகள்தான் முதலில் சொன்னார்கள்.

அது பழைய காலத்துக் கருவி. பெரிய நட்சத்திரங்களுக்குத் தனித்தனிக் குழல், தனித்தனி லென்ஸ். சுற்றுலாப் பிரிவின் துணை அலுவலர் ஹிரோனோ வந்து பார்த்தார். முப்பத்தெட்டு வயது, நல்ல மனிதர், கையில் இனிப்புப் பொட்டலம் இல்லாமல் எங்கும் போக மாட்டார்.

"கானோ-சான், சிவப்புல ஏதோ கோளாறு. விழாவுக்கு முன்னாடி மெக்கானிக்கைக் கூப்பிட்டுருவோமா?"

"கருவி நல்லாத்தான் இருக்கு. கோளாறு மேல. வானத்துக்கு மெக்கானிக் இருந்தா கூப்பிடுங்க."

ஹிரோனோ எட்டி லென்ஸைத் தொட்டுப் பார்த்தார். அதன் மேல் ஒரு துண்டு பட்டர் பேப்பர் ஒட்டியிருந்தது. சமையல்கூடத்தில் மீன் சுடும்போது தட்டில் விரிக்கிற தாள். மூன்று அடுக்கு. ஒவ்வொரு வாரமும் வானத்துச் சிவப்பு இறங்க இறங்க, மிசாவோ ஓர் அடுக்கு கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"இது... மீன் வாசனை வருதே" என்றார் ஹிரோனோ.

"கானாங்கெளுத்தி. செவ்வாக்கிழமை மெனு."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டு, "கானோ-சான், ஒரே ஒரு வாக்கியம். யாருக்கு என்ன நஷ்டம்? ஊருக்கு நாலு பேர் வந்தா நல்லதுதானே. பள்ளிக்கூடத்துல எத்தனை பிள்ளைங்க மிச்சம்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

அவளுக்குத் தெரியும். அத்தனை பிள்ளைகளுக்கும் அவள்தான் சோறு போடுகிறாள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சல். கெட்டவன் சொன்னால் தூக்கி எறிந்துவிடலாம்.

(உராதானிக்கு ஏறும் வழியில் ஹிரோனோ நாற்பது செங்கொடிகள் நட்டுவைத்ததையும் சொல்ல வேண்டும். மறுநாள் காலை ஒன்றுகூட இல்லை. திருட்டு அல்ல. நாற்பதும் துவைத்து, மடித்து, அலுவலக வாசலில் அடுக்கியிருந்தன. "எண்ணூறு வருஷமா ஒளிஞ்சிருக்கோம், இந்த மனுஷன் வந்து போர்டு வெக்கிறாரு" என்று பேருந்தில் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.)

1.5

ஜனவரி நடுவில் ஹிரோனோ சுற்றி வளைக்காமல் சொன்னார். உரையை அப்படியே வாசிக்க வேண்டும். முடியாது என்றால் நகோயா நகரத்திலிருந்து ஒரு நடிகையின் குரலைப் பதிவு செய்துவிடுவார்கள். அதன் பிறகு சனிக்கிழமைக் காட்சிக்கும் அந்தப் பதிவுதான்.

இதுதான் விஷயம், வாசகரே. ஓர் ஒலிவாங்கி. சம்பளம் இல்லாத வேலை, போக்குவரத்துக்குக் கொஞ்சம் காசு. பத்தொன்பது வருடமாகச் சனிக்கிழமை இரண்டு மணிக்கு இருட்டில் அறுபது பேரிடம் பேசுகிற உரிமை. மிசாவோவின் வாழ்க்கையில் வேறு யாரும் அவள் சொல்வதை நாற்பது நிமிடம் தொடர்ந்து கேட்டதில்லை. நான் தூங்கினேன்தான், ஆனாலும் கேட்டுக்கொண்டே தூங்கினேன். அது போய்விடும் என்றதும் அவள் பயந்துபோனாள்.

[இதையெல்லாம் நீ எப்படி அறிந்தாய் என்று கேட்கலாம். அவளே சொன்னாள். சொல்லாத இடங்களை நான் நிரப்பினேன். எது எது என்று பிரித்துக் காட்ட மாட்டேன்.]

வாசித்துவிடலாம் என்று முடிவு செய்தாள். ஆமாம், முடிவே செய்தாள். வீட்டுக் குளியலறையில், தொட்டியில் கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்துகொண்டு, டைல்ஸ் சுவரைப் பார்த்துப் பழகினாள். 'உடுக்கையிலேயே மிகப் பிரகாசமானது இந்தச் செந்நிற...' முதல் நாள் நாக்கு ஒட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் கொஞ்சம் வழுக்கியது. ஒரு வாரம் கழித்துத் தண்ணீர் மாதிரி ஓடியது. நன்றாகவே இருந்தது. கொடி, முன்னோர் என்று வரும் இடத்தில் குரலை லேசாகத் தாழ்த்தக்கூடப் பழகிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வண்டி நிறுத்துமிடத்தில் நின்று சிவப்பைப் பார்த்தாள். நன்றாக ஒளிர்கிறதே என்று தோன்றியது. நோட்டில் 1.0 என்று எழுதினாள். எழுதிவிட்டு அட்டையை எடுத்தாள். அதற்கு முந்தைய ஐந்து நாளும் 1.5, 1.5, 1.4, 1.5, 1.5.

அங்கேயே சரளைக் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். முப்பத்தோரு வருடத்தில் இப்படி ஒரு பிழை அவள் செய்ததில்லை. உற்றுப் பார்த்திருக்கிறாள். குளியலறையில், ஒரு வாரமாக, வானத்தைப் பார்க்காமலே.

"தப்பான எண்ணை அழிச்சிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"அழிக்கறதா? நோட்டுல அழிக்கவே கூடாது. பக்கத்துல எழுதினேன்: 'இன்னைக்கு என் கண்ணை நம்ப வேண்டாம்.'"

இங்கிருந்து கதையை முடிக்க எனக்கு மூன்று வழிகள் தெரிகின்றன.

அ) அவள் வாசிக்கிறாள். எல்லோரும் கைதட்டுகிறார்கள். அவள் மட்டும் இருட்டில் அழுகிறாள். [இலக்கியப் பரிசு கிடைக்கக்கூடிய முடிவு. வேண்டாம். அவள் அழுவதைப் பார்க்க உங்களுக்கு அவ்வளவு ஆசையா?]

ஆ) விழா நாளன்று நிஜமாகவே சிவப்பு நட்சத்திரம் வெடிக்கிறது. பட்டப்பகலில் வானத்தில் தெரிகிறது. எல்லோரும் வெளியே ஓடி — [அந்த மாதத்தில் உலகமே அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது. நட்சத்திரம் நம் கதைக்கு வசதியாக வெடிக்காது.]

இ) நடந்தது.

1.6

பிப்ரவரி எட்டு, சனிக்கிழமை, மதியம் இரண்டு மணி. அறுபது இருக்கைக்கு எண்பது பேர். ஊராட்சித் தலைவர் முன் வரிசையில். கடைசி வரிசையில் உராதானியின் ஏழு வீட்டாரும் ஓரமாக ஒட்டிக்கொண்டு. அங்கே தங்கையும் இருந்தாள். மிசாவோ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நான் அன்று காபி குடித்துவிட்டு வந்திருந்தேன்.

காலையிலேயே மெக்கானிக் வந்து பட்டர் பேப்பரைச் சுரண்டி எடுத்துவிட்டார். லென்ஸ் பளபளவென்று இருந்தது.

மிசாவோ சூரியனை இறக்கினாள். மலை விளிம்பு கறுத்தது. ஒவ்வொன்றாக நட்சத்திரங்கள் வந்தன. உடுக்கை ஏறியது. சிவப்பு, கல்யாண வீட்டு சீரியல் பல்பு மாதிரி எரிந்தது. முன் வரிசையில் 'ஓ' என்றார்கள்.

அந்த வாக்கியம் வந்தது.

"உடுக்கையிலேயே மிகப் பிரகாசமானது..." என்று ஆரம்பித்தாள். தண்ணீர் மாதிரி வந்தது. நின்றாள். இருட்டில் தாள் மடிக்கிற சத்தம் ஒலிவாங்கியில் கேட்டது.

"மன்னிக்கணும்," என்றாள். அலுவலகக் குரல் போய், பேருந்து நிறுத்தத்தில் பேசுகிற குரல் வந்துவிட்டது. "இப்ப நீங்க பாக்குற சிவப்பு போன வருஷத்துச் சிவப்பு. நேத்து சாயங்காலம் ஏழு மணிச் சிவப்பைக் காட்டுறேன். கொஞ்சம் பொறுங்க."

சமையல் அங்கியின் பையிலிருந்து பட்டர் பேப்பரை எடுத்து லென்ஸின் மேல் பொத்தினாள். ஓர் அடுக்கு. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. சிவப்பு படிப்படியாக இறங்கி, உடுக்கையின் இன்னொரு மேல் முனையில் யாரும் கவனிக்காத சாதாரண நட்சத்திரத்துக்குச் சமமாக வந்து நின்றது. கீழே வெள்ளை மட்டும் சும்மா இருந்தது, அதன் பாட்டுக்கு.

"இவ்வளவுதான் இருக்கு. நான் கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல. மறுபடி ஏறலாம், ஏறாமலும் போகலாம். எது பெருசுன்னு நீங்களே பாருங்க. சிவப்பை மட்டும் உத்துப் பாக்காதீங்க."

எண்பது பேரும் பார்த்தார்கள். ஹிரோனோ எழுந்து நின்றது இருட்டிலும் தெரிந்தது.

"அப்புறம் பேரு. எங்க நட்சத்திரம் எதுன்னு இந்தத் தாள்ல எழுதியிருக்கு. யாரைக் கேட்டு எழுதினாங்கன்னு தெரியல." மூச்சு விட்டாள். "உராதானியில எதை எங்க நட்சத்திரம்னு சொல்லுவோம்ங்கறதை வெளியாளுங்களுக்குச் சொல்ற வழக்கம் இல்ல."

பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் சிரித்தாள். அடக்க முடியாமல், மூக்கால் வந்து, வாய்விட்டு, வெட்கமில்லாத சிரிப்பு. தங்கை. அந்தச் சிரிப்பு பக்கத்து ஆளுக்குத் தொற்றி ஏழு வீடும் சிரித்தது. சிவப்பு என்கிறவர்களும் சிரித்தார்கள், வெள்ளை என்கிறவர்களும் சிரித்தார்கள். மிசாவோ சிரிக்கவில்லை. அடுத்த நட்சத்திரத்துக்குப் போனாள்.

மாத இறுதியில் ஹிரோனோ ஒரு பெரிய பூங்கொத்தோடு சமையல்கூடத்துக்கு வந்தார். 'பத்தொன்பது ஆண்டு உழைப்புக்கு நன்றி' என்று அட்டை. இந்த ஊரில் ஆளை வேலையிலிருந்து எடுப்பது இப்படித்தான், பூவால் அடித்து. அவள் குனிந்து வணங்கி வாங்கிக்கொண்டாள். சோற்றுக்கரண்டி வைக்கும் பானையில் தண்ணீர் ஊற்றிப் பூவைச் செருகிவிட்டு, வெங்காயம் நறுக்கப் போனாள். கண்ணில் நீர் வந்தது. வெங்காயம்தான் என்றாள். நான் அப்படியே எழுதுகிறேன். வெங்காயத்தால் மட்டும் அவ்வளவு நீர் வராது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

(அடுத்த வாரமே நோய் பரவுகிறது என்று நாட்டில் எல்லா மண்டபங்களையும் பூட்டினார்கள். ஆகவே அவள் எதையும் இழக்கவில்லை என்று ஒரு முடிவு எழுதலாம். எழுத மாட்டேன். இழந்தாள். ஒலிவாங்கி போய்விட்டது.)

ஊறுகாய்க் கல் இன்னும் வரவில்லை. பேச்சும் இல்லை. அந்தச் சிரிப்பு மட்டும்தான்.

(     )

இந்தப் பகுதிக்கு எண் போடவில்லை. நீங்கள் போட வேண்டும். காரணம் சொல்கிறேன்.

ஏப்ரலுக்குள் சிவப்பு பழையபடி ஏறிவிட்டது. கோளரங்கம் திறந்ததும் நகோயா நடிகையின் குரல் அந்த வாக்கியத்தை முழுசாகச் சொல்கிறது. அழகான குரல். எனக்கு அதில் தூக்கம் வருவதில்லை. மிசாவோ இப்போதும் நோட்டின் மேல் அட்டையை வைத்து மூடிக்கொண்டு எழுதுகிறாள். சில சனிக்கிழமைகளில் நான் சமையல்கூடத்தின் பின்னால் போய் நிற்கிறேன். அவள் பேசுகிறாள், நான் நின்றுகொண்டே தூங்குகிறேன்.

கதையை எழுதி முடித்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன், ஜப்பானிய மொழியில், தட்டுத்தடுமாறி. கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வெள்ளைன்னு எழுதியிருக்கீங்க?"

"நீங்க சொன்னதுதானே?"

"அராகிரி-சான், நீங்க எந்த ஊரு?"

நான் வீட்டுக்கு நடந்து வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. சைக்கிள் தள்ளிக்கொண்டு வந்த ஆசிரியருக்கு ஏழு வீடும் சேர்ந்து ஒரு நிறத்தைக் காட்டியது. எனக்கு ஒருத்தி ஒரு நிறத்தைக் காட்டினாள். அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? சிவப்புதான் நிஜம் என்றாலும் அவள் அந்தத் தாளை வாசித்திருக்க மாட்டாள். யார் காட்டிக்கொடுத்தது என்று இன்னும் கோபப்பட்டிருப்பாள்.

கோபம் வந்தது எனக்கு. இருபத்திரண்டு வருடம்! மறுநாள் போய் நேராகவே கேட்டேன். வெங்காயத்தை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, என் காதோடு ஒரு வார்த்தை சொன்னாள்.

அந்த வார்த்தை என்னிடம் இருக்கிறது. இந்தக் கதையில் வெள்ளை என்று எழுதியிருக்கிறேன். அது அவள் கடைசியாகச் சொன்ன வார்த்தையாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். திருத்தினேனா, அப்படியே விட்டேனா என்பதை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் வெளியாட்கள்.

ஆனால் பிரகாசம் ரகசியம் இல்லை. அது யாருடைய சொத்தும் இல்லை. தை மாதம், சாயங்காலம் ஏழு மணிக்கு மொட்டைமாடிக்குப் போங்கள். கிழக்கே பாருங்கள். எங்களுக்குச் சாய்ந்து நிற்கிற உடுக்கை உங்களுக்குப் படுத்துக் கிடக்கும். இடது பக்கம் ஆதிரை, வலது பக்கம் வெள்ளை. ஒரு வெட்டுப் பார்வை இங்கே, ஒரு வெட்டுப் பார்வை அங்கே. எது கூட என்று எவன் எழுதிக் கொடுத்திருந்தாலும் அதைக் கீழே வைத்துவிட்டுப் பாருங்கள். நான் எழுதியதையும்தான்.

பார்த்ததும் எண்ணை மேலே உள்ள அடைப்புக்குள் எழுதிக்கொள்ளுங்கள். என் எண்ணை அட்டையால் மூடி வைத்திருக்கிறேன்.